94 என்ற எண் லேயில் செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் டெல்லிப் பதிப்பில், கோடை விடுமுறைக்கு லடாக் போகிறவர்களுக்கான குறிப்புகள் வந்திருந்தன. கம்பளிச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, உதட்டு வெடிப்புக்கு வாஸ்லின் எல்லாம் சரி. கடைசிக் குறிப்புதான் என்னை உறுத்தியது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் உயரத்தால் வரும் நோய்க்குப் பயப்பட வேண்டாமாம், எண் 85-க்குக் கீழே இறங்கினால் மட்டும் டாக்டரைப் பார்த்தால் போதுமாம். அந்த ஒரு குறிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. முழுதும் படித்துவிட்டு, பிறகு வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் மயூர் விஹாரில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வானிலைத் துறையில் 34 வருடம் அப்சர்வராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் மீனம்பாக்கம், பிறகு சஃப்தர்ஜங். காலை 8.30, மாலை 5.30 என்று மணி பார்த்து, பாரமானி, வெப்பமானி, ஈரப்பதம் எல்லாவற்றையும் குறித்துக் கொடுப்பதுதான் வேலை. அளவு எடுப்பதற்கு ஒரு முறை உண்டு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லத் தெரியும். பாதரசப் பாரமானியின் முன்னால் போய் நின்றதும் அதில் பொருத்திய வெப்பமானியைத்தான் முதலில் படிக்க வேண்டும். நம் உடம்புச் சூடு பட்டால் அது ஏறிவிடும். அப்புறம்தான் விரலால் லேசாகத் தட்டிப் பாதரசத்தைப் பார்க்கலாம். இந்த வரிசை மாறினால் எண் மாறும்.

போன ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அவளுடைய தம்பியும் லடாக்கின் லே நகரத்துக்குப் போனோம். மைத்துனருக்கு வயது 51. பாளையங்கோட்டையில் தினமும் காலையில் ஏழு கிலோமீட்டர் ஓடுகிறவர். எனக்கு 66, என் மனைவிக்கு 61, அவளுக்கு ரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. மூன்று பேரில் யாருக்காவது ஏதாவது ஆனால் அது அவளுக்குத்தான் ஆகும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். பெட்டியில் முதலில் எடுத்து வைத்தது ஆக்சிமீட்டரைத்தான்.

அந்த ஆக்சிமீட்டருக்கும் ஒரு கதை இருக்கிறது. 2021 ஏப்ரல் கடைசியில், டெல்லியில் ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் சிலிண்டரோடு தெருவில் நின்ற வாரத்தில், கடை கடையாக அலைந்து மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியது. எங்கள் மாடியில் மட்டும் நான்கு வீட்டுக்கு அது கைமாறியது. 94-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் நாங்கள். டெல்லியில் அந்தக் காலத்தைக் கடந்த யாருக்கும் 94 மறக்காது.

அந்த 94-ஐத்தான் நாம் லேக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே அது செல்லாது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 மில்லிபார். லே நகரம் இருக்கும் 3,500 மீட்டர் உயரத்தில் அது சுமார் 655. காற்றில் ஆக்சிஜனின் பங்கு இரண்டு இடத்திலும் அதே 21 சதவீதம்தான். அதை நுரையீரலுக்குள் தள்ளும் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. டெல்லியில் காலை விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த வித்தியாசத்தை உடம்பு சந்திக்கிறது. இறங்கிய அன்று நல்ல உடம்புக்காரருக்கே 85, 88, 90 என்று காட்டும். டெல்லியில் 85 என்றால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். லேயில் முதல் நாள் 85 என்றால், மற்றபடி சௌகரியமாக இருக்கிற ஒருவருக்கு, அது அந்த ஊர்க் காற்றின் கணக்கு. முதல் தடவை பார்க்கிறவர்கள் பயந்து போகிறார்கள். பயம் தெளிந்ததும் எதிர்ப்பக்கம் போய், 85 வரைக்கும் எதுவும் இல்லை என்று தைரியமாகிவிடுகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

எங்களை அழைத்துப் போன பயண நிறுவனத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. அவர்கள் கொடுத்த அச்சிட்ட தாளிலும் இதே 85-தான் இருந்தது. தினமும் புறப்படும் முன் ஆக்சிஜன் பார்ப்பார்கள், 85-க்கு மேல் இருந்தால் வண்டியில் ஏறலாம். தலைவலி இருக்கிறதா, சாப்பிட்டாயா என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை.

பழக்க தோஷம், நான் ஒரு நோட்டில் 8.30-க்கும் 5.30-க்கும் மூன்று பேருக்கும் எண் எழுதினேன். முதல் நாள் மாலை: எனக்கு 86, மனைவிக்கு 84, மைத்துனருக்கு 90. நாடித்துடிப்பு அவருக்கு 84. வண்டி ஓட்டிய லடாக்கிப் பையன் அவர் முதுகில் தட்டி, நீங்கள்தான் நம்பர் ஒன் என்றான். மறுநாள் காலை எனக்கு 87, மனைவிக்கு 85, அவருக்கு 89. அன்று காலையில் அவர் பராத்தாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்தார். "என்ன மாப்பிளே, சாப்பிடலையா?" என்று கேட்டேன். "தூக்கம் சரியில்ல அத்தான், மண்டை லேசா கனக்குது, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் என்றதும் நானும் விட்டுவிட்டேன். அன்று பகலில் ஒரு ஸ்தூபிக்குப் படியேறினோம். எங்கள் இருவருக்கும் முன்னால் அவர்தான் மேலே போய் நின்றார்.

அன்று மாலை அவருக்கு 88, நாடி 96. மூன்றாம் நாள் காலை எனக்கு 89, மனைவிக்கு 88, அவருக்கு 86, நாடி 102. நிறுவனத்தின் கணக்குப்படி 86 தேறிவிட்டது. வண்டி கிளம்பி கார்துங் லா கணவாய் ஏறியது. (அங்கே பலகையில் 17,982 அடி என்று எழுதியிருக்கிறது. சரியாக அளந்த உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,580 அடிதான்.) ஏறி இறங்கி நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுந்தர் என்ற ஊரில் தங்கினோம். லேயை விட ஹுந்தர் தாழ்வு, சுமார் 3,100 மீட்டர். நான்காம் நாள் காலை 8.30 வரியை இப்போது நோட்டைத் திறந்து பார்த்து எழுதுகிறேன்: எனக்கு 90, மனைவிக்கு 90, அவருக்கு 86, நாடி 100.

இந்த வரியை நான் அன்று எழுதினேன், படிக்கவில்லை. தாழ்வான இடத்துக்கு இறங்கி ஓர் இரவு தூங்கியதும் எங்கள் இருவர் எண்ணும் ஏறியிருக்கிறது, நாடி இறங்கியிருக்கிறது. அவர் ஒருவருக்கு மட்டும் எண் நின்ற இடத்தில் நிற்கிறது. முதல் நாள் மூவரில் மேலே இருந்தவர் நான்காம் நாள் மூவரில் கீழே. வானிலைக் கூடத்தில் ஒரு பாரமானி இப்படிப் போயிருந்தால் அந்த நிமிஷமே ஃபோனை எடுத்திருப்பேன். ஒரு நிலையத்தில் அழுத்தம் இப்போது எவ்வளவு என்பதை விட, நேற்று இதே மணிக்கு எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்போம். நம் பக்கத்தில் அழுத்தம் காலை பத்து மணியளவில் தானாக ஏறும், மாலை நான்கு மணியளவில் தானாக இறங்கும். அதனால் காலையை மாலையோடு ஒப்பிடக் கூடாது, காலையைக் காலையோடுதான் ஒப்பிட வேண்டும். 24 மணி நேர இறக்கம் பெரிதாக இருந்தால், பக்கத்து நிலையங்களில் இல்லாமல் இங்கே மட்டும் இருந்தால், கடலில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். இதைச் செய்து சம்பளம் வாங்கியவன் நான். என் மனைவியின் தம்பி விஷயத்தில் அதைச் செய்யத் தவறினேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அன்று மாலை ஷியோக் ஆற்றங்கரை வழியாக பாங்காங் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரிக் கரை 4,200 மீட்டரைத் தாண்டும். 5.30-க்கு எனக்கு 83, மனைவிக்கு 82. அவருக்கு 74, நாடி 118. வறட்டு இருமல் வேறு. கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நாற்பது அடி இருக்காது, நடுவில் இரண்டு தடவை நின்றார். முகாமில் இருந்த பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு சின்ன ஆக்சிஜன் கேனைக் கொண்டுவந்து இரண்டு நிமிடம் மூக்கில் பிடித்தார். பிடித்துக்கொண்டே விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். எண் 80, 85 என்று ஏறி 91-ல் நின்றது. "நார்மல், நார்மல்" என்று எனக்குக் காட்டிவிட்டு, கேனை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போய் இருபது நிமிடம் கழித்து நான் மறுபடி பார்த்தபோது 75.

கேன் கொடுத்துவிட்டு எடுத்த எண் அந்தக் கேனின் எண். வானிலைக் கூடத்தில் வெப்பமானிகளை வெயில் படாமல் வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டிக்குள் ஐஸ் கட்டியை வைத்துவிட்டு வெப்பநிலை குறைந்துவிட்டது என்று எழுதுவதைப் போன்ற காரியம் அது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த 91-ஐ நம்பி நாங்கள் தூங்கப் போனோம்.

இரவு இரண்டு மணிக்கு அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. காதை முதுகில் வைத்தால் உள்ளே ஈர மணலை மிதிப்பதுபோல ஒரு சத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்சிமீட்டர் 66 காட்டியது. வண்டிப் பையனை எழுப்பினோம். பாங்காங்கிலிருந்து லே வரும் நேர்ப் பாதை, 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் சாங் லா கணவாயைக் கடந்துதான் போகிறது. இறங்க வேண்டிய நோயாளியை முதலில் ஏற்ற வேண்டும். வழியில் ராணுவ முகாம் ஒன்றில் மருத்துவ அறையைத் திறந்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஒரு சிலிண்டரையும் ஏற்றிக் கூடவே ஒருவரை அனுப்பினார்கள். அந்த இளைஞரை நாங்கள் மறக்க மாட்டோம். லேயில் எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். மூன்று நாள் ஆக்சிஜனில் வைத்து, பிறகு டெல்லிக்கு அனுப்பினார்கள். டெல்லியில் இறங்கிய அன்று சாயங்காலமே அவருக்குப் பாதி சரியாகிவிட்டது.

வந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த டாக்டர்களையும் தொந்தரவு செய்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

ஆக்சிமீட்டர் நல்ல கருவி. ஜப்பானில் தக்குவோ அஓயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்து 1974-ல் வெளியிட்ட தத்துவம் அது. விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பி, ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்குப் போடுகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். ஆனால் விரல் குளிர்ந்திருந்தால் அங்கே துடிப்பு மெலிந்துவிடும், எண் தப்பாக வரும். நகப்பூச்சு இருந்தாலும் தப்பும். நல்ல நிலையிலேயே இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருக்கும். ஆகவே 86-க்கும் 84-க்கும் இடையே கோடு கிழித்து, இவர் போகலாம், அவர் போகக் கூடாது என்பது கருவியால் தாங்க முடியாத பாரம்.

இன்னொன்று. ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது ஒரு மலைபோல. 95-க்கு மேலே சமதளம். காற்றில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் எண் அசையாது. 90-க்குக் கீழே சரிவு தொடங்குகிறது. அங்கே கொஞ்சம் குறைந்தாலும் எண் கடகடவென்று சரியும். லேயில் எல்லோரும் அந்தச் சரிவின் விளிம்பில்தான் நிற்கிறோம். பேசினால் ஒன்று, ஆழமாக நாலு மூச்சு இழுத்தால் ஒன்று, தூங்கி எழுந்தால் ஒன்று காட்டும். அதனால்தான் ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து, இவருக்கு நோய் வரும், இவருக்கு வராது என்று சொல்ல முடிவதில்லை. பல ஆராய்ச்சிகளில் பிறகு நோய்ப்பட்டவர்களின் சராசரி எண் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் நோய்ப்பட்டவர்கள் எண்ணும் படாதவர்கள் எண்ணும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. என் மனைவியின் 84-ம் அவள் தம்பியின் 90-ம் அதற்குச் சாட்சி.

ஓடுகிறவருக்கு ஏன் வந்தது என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். உடற்பயிற்சி இந்த நோய்க்குக் காப்பு இல்லை என்பது வெகு நாளாகத் தெரிந்த விஷயம். ஆக்சிஜன் குறைந்தால் மூச்சை எவ்வளவு வேகமாக உடம்பு கூட்டிக்கொள்கிறது, நுரையீரல் ரத்தக் குழாய்கள் எவ்வளவு இறுகுகின்றன என்பது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறும். பலசாலி என்ற தைரியத்தில் வேகமாகப் படியேறுகிறவர் இன்னும் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார். 1962 போருக்குப் பிறகு இமயமலைக்கு அனுப்பப்பட்ட நம் படைவீரர்கள் 1,925 பேரைக் கவனித்து, இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் அவர் சகாக்களும் 1969-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். எல்லோரும் இளைஞர்கள், தேர்ந்தெடுத்த உடம்புகள். மேலே போய் 6 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் நோய் தொடங்கியதாக அதில் இருக்கிறது. நான்கு நாள். எங்கள் நோட்டிலும் நான்கு நாள்தான்.

முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. பிரான்ஸில் ழான்-பால் ரிஷலே என்ற மருத்துவரின் குழு, ஆக்சிஜன் குறைத்த காற்றைச் சுவாசிக்க வைத்து, அப்படியே சைக்கிள் மிதிக்கவிட்டு, ஆக்சிஜன் எவ்வளவு சரிகிறது, மூச்சு எவ்வளவு கூடுகிறது என்று அளக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தெரியாத வித்தியாசம் அப்போது தெரிகிறது. அதற்கு ஆய்வகம் வேண்டும். கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பின் இடைவெளி மாறுவதை வைத்துச் சொல்லலாம் என்றும் முயல்கிறார்கள். அந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று இன்னும் ஒத்துவரவில்லை. இவை எல்லாவற்றையும் விட நம்பகமான குறிப்பு செலவில்லாதது: முன்பு ஒரு தடவை வந்திருக்கிறதா, இப்போது எவ்வளவு வேகமாக ஏறுகிறோம்.

வந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய வழி இருக்கிறது. கனடாவில் லேக் லூயிஸ் என்ற ஊரில் 1991-ல் கூடிய மருத்துவர்கள் ஒரு கணக்கு போட்டார்கள், 2018-ல் அதைத் திருத்தினார்கள். கேள்வி நான்குதான். தலைவலி உண்டா? பசியின்மை, குமட்டல், வாந்தி உண்டா? அசதி, சோர்வு உண்டா? தலைசுற்றல் உண்டா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, லேசாக 1, நடுத்தரம் 2, தாங்க முடியவில்லை என்றால் 3. மேலே போய்ச் சேர்ந்து ஆறு மணி நேரமாவது ஆன பிறகு கேட்க வேண்டும். தலைவலி இருந்து, மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அது மலை நோய். முன்பு தூக்கமும் கணக்கில் இருந்தது. உயரத்தில் யாருக்குமே முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பதால் 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் என் மைத்துனர் இருந்த நிலைக்கு, ஊர் திரும்பிய பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மண்டை கனம் 1. சாப்பிடவில்லை, 1. வெறும் அலுப்பு என்று சொன்னார், அதற்கு 1. மூன்று வந்துவிட்டது. ஆக்சிமீட்டர் அப்போது 89 காட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி கேட்பதிலும் ஒரு சிக்கல். நம் ஆட்கள் உண்மையைச் சொல்வதில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவர் சொன்னார்: "ரெண்டாம் நாளே தலை பிளந்துச்சு அத்தான். நான் படுத்தா நீங்களும் அக்காவும் ரூம்லயே உக்காந்துருப்பீங்க. காசு கட்டி வந்துட்டு எதுக்குன்னு மாத்திரையப் போட்டுக்கிட்டேன்." நான்கு நாளில் அவர் எட்டு தலைவலி மாத்திரை விழுங்கியிருக்கிறார். யாருக்கும் தெரியாது. ஆகவே கேட்கிறவர் முகத்தைப் பார்த்து, தனியாகக் கேட்க வேண்டும், மாத்திரை ஏதாவது போட்டாயா என்றும் கேட்க வேண்டும். தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி கோடு போட்டதுபோல பத்தடி நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று பொருள், அந்த நிமிஷமே இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் இருமல் வந்தால், அது நுரையீரல். அதற்கும் இறக்கமும் ஆக்சிஜனும்தான் மருந்து. பலர் கற்பூரத்தை நுகரச் சொல்வார்கள். மூக்குக்கு இதமாக இருக்கலாம், காற்றழுத்தம் அதனால் கூடாது. அசிடஸோலமைடு மாத்திரையை முன்கூட்டிப் போட்டுக்கொண்டு போவது பலருக்கு உதவுகிறது. சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எண்ணும் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரலை உள்ளங்கைக்குள் தேய்த்துச் சூடாக்கி, கேன் பிடிக்காமல், பேசாமல், ஒரு நிமிடம் விட்டு எண் நிலைத்த பிறகு எழுத வேண்டும். பக்கத்தில் நாடி. தினமும் அதே நேரம், அதே விரல். பிறகு மூன்று ஒப்பீடு: நேற்று இதே நேரத்தோடு, கூட வந்தவர்களோடு, நான்கு கேள்விகளோடு. எல்லோருக்கும் ஏறும்போது ஒருவருக்கு மட்டும் ஏறவில்லை என்றால் அவரை மேலே கொண்டுபோகக் கூடாது. அவர் 86 காட்டினாலும் சரி, 90 காட்டினாலும் சரி.

நம் ராணுவம் இதைக் காலண்டரை வைத்தே தீர்த்திருக்கிறது. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை ஆறு நாள், அதற்கு மேல் 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கும் மேலே இன்னும் நான்கு நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு. இருபது வயதுச் சிப்பாய்க்கு லே உயரத்தில் ஆறு நாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்தவரை மூன்றாம் நாள் காலையில் கார்துங் லா ஏற்றி, நான்காம் நாள் ராத்திரி பாங்காங்கில் படுக்க வைக்கிற பயணத் திட்டத்தை டெல்லியில் இன்றைக்கும் விற்கிறார்கள். லேயில் கூடுதலாக ஓர் இரவு, இரண்டு இரவு வைத்தால் விலை கூடுகிறது, ஆள் சேரவில்லை என்கிறார்கள். ஆறு நாள் கேட்கவில்லை ஐயா. கணவாய் ஏறும் முன் மூன்று இரவு, பாங்காங்கில் தங்காமல் பார்த்துவிட்டுத் திரும்புவது, இவ்வளவு போதும் பெரும்பாலானவர்களுக்கு.

சுற்றுலாவை விட யாத்திரைதான் எனக்கு அதிகக் கவலை. தமிழ்நாட்டிலிருந்து கரோல் பாக்கில் வந்து இறங்கி, அங்கிருந்து பத்ரி, கேதார், முக்திநாத் என்று கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். 108 திவ்ய தேசத்தில் ஒன்றான சாளக்கிராமம், அதாவது நேபாளத்தின் முக்திநாத், இருப்பது சுமார் 3,700 மீட்டர் உயரத்தில். எழுபது வயதுப் பாட்டிகள் ஜோம்சோமுக்கு விமானத்தில் போய், ஜீப்பில் ஏறி, அதே நாளில் முக்திநாத்தின் 108 நீர்த்தாரையில் குளிக்கிறார்கள். தலைவலி என்றால், ஒரு டம்ளர் காபி குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கைலாஷ் மானசரோவருக்கு அரசு நடத்தும் யாத்திரையில் மட்டும் ஒழுங்கு இருக்கிறது. டெல்லியில் சில நாள் தங்க வைத்து ரத்தம், எக்ஸ்ரே, டிரெட்மில் எல்லாம் பார்க்கிறார்கள். லிபுலேக் வழியாகப் போகிறவர்களை மேலே குஞ்சியில் மறுபடி சோதிக்கிறார்கள். அந்த இரண்டாவது சோதனைதான் விஷயம். டெல்லி இருப்பது 200 மீட்டர் சொச்சத்தில். இங்கே டிரெட்மில்லில் ஓடிக் காட்டியவருக்கு அங்கே என்ன ஆகும் என்பது அங்கே போய் இரண்டு நாள் இருந்த பிறகுதான் தெரியும். தனியார் ஏற்பாட்டில் போகிறவர்களுக்கு அந்த இரண்டாவது சோதனையை யார் செய்கிறார்கள்?

டெல்லித் தமிழ் அமைப்புகளும் கோயில் குழுக்களும் வருடா வருடம் யாத்திரை ஏற்பாடு செய்கின்றன. அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆளுக்கு ஓர் அட்டை அடித்துக் கொடுங்கள். ஒரு பக்கம் நான்கு கேள்வி. மறுபக்கம் தேதி, காலை எண், நாடி, மாலை எண், நாடி. பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, காலையில் காபி கொடுக்கும்போதே கேட்டு எழுதட்டும். கூடிப்போனால் பதினைந்து நிமிட வேலை. ராத்திரி எழுதியதை அவர் வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும். எழுதுவதோடு நின்றால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரின் காசுக் கணக்கையும் இரவு பன்னிரண்டு மணி வரை சரிபார்க்கும் அமைப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களால் இது முடியும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறன்று வந்த அந்த 85 என்ற வரியைத் திருத்தி, இந்த நான்கு கேள்விகளையும் அதே பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் முன் போட்டால் நல்லது. விமான டிக்கெட் எடுத்தவர்கள் இப்போதுதான் இதையெல்லாம் படிப்பார்கள்.

மைத்துனர் இப்போது நலமாக இருக்கிறார், பழையபடி ஓடுகிறார். போன வாரம் ஃபோனில் முக்திநாத் போகும் குழுவில் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டார். ஒரு தடவை நுரையீரலில் நீர் கோத்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பொக்காராவிலிருந்து சாலை வழியாக, நடுவில் தங்கித் தங்கிப் போவதென்றால் டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அக்கா கூட வந்தால்தான் போவேன் என்கிறார். அவள் போவாள். நோட்டு அவள் கையில் இருக்கும்.

அந்த நான்கு நாளுக்கான பக்கங்களைப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் குறைவாக இருந்தால் ஹுந்தரில் எழுதிய காலை 8.30 வரி இருக்கும் பக்கத்தை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வானிலை அப்சர்வர்,
மயூர் விஹார், டெல்லி.